அறிந்தவரை யாரும் பயன்படுத்தவில்லை

ஆங்கிலத்தில் அது மூன்றே சொல். அறிந்தவரை யாரும் பயன்படுத்தவில்லை என்று பொருள். அந்த மூன்று சொல்லை மேலே எழுதிவிட்டு, நாற்பத்தொரு கோப்புகளிலிருந்து இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு வரிகளை அழித்திருந்தார்கள். எண்ணிக்கை அவர்களே போட்டது. நம்பாமல் நானும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. தப்பாக இருந்திருந்தால் அதைப் பற்றியாவது ஒரு கடிதம் எழுதியிருப்பேன்.

எதை அழித்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நிரல்மொழி பல வகை இயந்திரங்களில் ஓடவேண்டும். ஒவ்வொரு வகைச் சில்லுக்கும் தனியாகச் சில வரிகள் அந்த மொழியின் மூல நிரலுக்குள் இருக்கும். அந்த மொழியைப் பராமரிப்பவர்கள் அழித்தவை என் இயந்திரத்துக்கான வரிகள். என் இயந்திரத்தைச் செய்த நிறுவனம் இன்று இல்லை. அந்த வகைச் சில்லும் இப்போது யாரும் செய்வதில்லை. ஈப்போவுக்கு மேலே மலையில் இருக்கிற எங்கள் தேயிலைத் தொழிற்சாலை ஆபீசுக்கு அது புதிதாக வந்தபோது நான் அங்கே கிராணி, பேரேடும் கணக்கும் எழுதுகிற குமாஸ்தா. முப்பத்தாறு வருடம் கிராணி வேலை பார்த்தவன் நான். பெட்டியோடு வந்த ஆறு தடிப் புத்தகங்களையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஆள் நான்தான். அதில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டதும் அப்படித்தான்.

பிறகு ஆபீசுக்கு வேறு கம்ப்யூட்டர்கள் வந்தன. இதை ஸ்டோரில் போடச் சொன்னார்கள். அப்போது மேனேஜராக இருந்த பழைய துரைதான் அதற்கு வேறு வேலை கொடுத்தார்.

தொழிற்சாலைக்குக் கீழே சரிவை ஒட்டித் தொழிலாளர் வீடுகளின் லைன் ஒன்று இருக்கிறது. இருபத்திரண்டு வீடு. ஏழு வீட்டில் நம் ஆட்கள், பன்னிரண்டில் வங்காளதேசத்துக்காரர்கள், மூன்றில் நேப்பாளிகள். ஒரு மழைக்காலத்தில் மேலிருந்து மண் சரிந்து ஒன்பதாம் வீட்டின் சமையலறைச் சுவரைத் தள்ளிக்கொண்டு போனது. ஆட்கள் வேலைக்குப் போயிருந்த நேரம். அதனால் சட்டி பானையோடு போயிற்று. அதற்குப் பிறகு துரை சரிவின் மேல் ஒரு மழைமானி வைத்தார். அதற்குள் இரட்டைக் கரண்டி போல ஒன்று இருக்கும். ஒரு பக்கம் நீர் நிரம்பினால் சாய்ந்து கொட்டும், மறுபக்கம் நிமிரும். ஒவ்வொரு சாய்வுக்கும் கம்பி வழியாக ஒரு தட்டு என் இயந்திரத்துக்கு வரும். ஐந்து தட்டு ஒரு மில்லிமீட்டர். ஒரு மணி நேரத்தில் நூற்றைம்பது தட்டு வந்தால் என் நிரல் தொழிற்சாலைச் சங்கை மூன்று முறை ஊதவைக்கும். லைனில் இருப்பவர்கள் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆயாக்கொட்டாய்க்குப் போய்விட வேண்டும். முன்பு வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போன கொட்டகை அது. இப்போது சும்மாதான் கிடக்கிறது.

பதினொரு வருடம் அந்த ஏற்பாடு நடந்தது. மழைக்காகச் சங்கு ஊதியது பதினேழு முறை. நான் ஓய்வு பெற்ற பிறகும் இதைப் பார்த்துக்கொள்வதற்காக என்னைப் பழைய கிராணி வீட்டிலேயே இருக்க விட்டார்கள்.

போன வருடம் அக்டோபரில் ஒரு நாள் பிற்பகல் பெரிய மழை. மூன்றே முக்கால் மணிக்கு மண்டோரம்மா தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு என் ஆபீஸ் அறைக்குள் நுழைந்தார். கொழுந்து எடுக்கிறவர்களை மேய்க்கிற மண்டோர் வேலை அந்தம்மாவுக்கு. வீடு அந்த லைனில் முதல் வீடு.

"கிராணியாரே, சங்கு ஏன் ஊதல?"

"ஊதும். நூத்தம்பது ஆகணும்."

"இப்ப எவ்வளவு?"

திரையைப் பார்த்தேன். அறுபத்தொன்று. மழையின் சத்தத்துக்கும் அந்த எண்ணுக்கும் பொருத்தமில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் காத்திருந்தேன். அப்போதும் அறுபத்தொன்று.

"வெளிய ஊத்து ஊத்துன்னு ஊத்துது. உங்க பெட்டி அறுபத்தொன்னுல நிக்குதே. தூங்கிடுச்சா?"

அந்தம்மா கேலியாகக் கேட்டாலும் நடந்தது அதுதான். என் நிரல் பத்து விநாடிக்கு ஒரு முறை தட்டுகளைக் கூட்டிவிட்டு, மறுபடி எழுப்பும்படி நிரல்மொழியிடம் சொல்லிவிட்டுத் தூங்கும். அன்று அதை எழுப்பவில்லை. நான் ஓடிப்போய்ச் சங்கின் பொத்தானைக் கையால் அழுத்தினேன். ஆட்கள் கால்வாயைத் தாண்டிப் போனார்கள். அன்று வந்தது கால் லோரி மண்தான். அதுவும் லைனுக்கு எட்டாமல் நின்றது. ஆனால் அது சரிவின் தயவு. என் ஏற்பாட்டால் நின்றதல்ல.

அடுத்த மூன்று நாளில் காரணத்தைக் கண்டுபிடித்தேன். இயந்திரத்தை முடுக்கியதிலிருந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நிரல்மொழி உள்ளுக்குள் ஓர் எண்ணில் எண்ணிக்கொண்டு வருகிறது. நாற்பத்தொன்பது நாளும் பதினேழு மணி நேரமும் ஆனால் அந்த எண் நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். அந்த நொடியில் தூங்குகிற நிரல் பிறகு எழுவதில்லை. பதினொரு வருடம் இது ஏன் வெளிப்படவில்லை? எங்கள் மலையில் கரண்ட் ஐம்பது நாள் தொடர்ந்து இருந்ததில்லை. போன வருடம்தான் தொழிற்சாலைக்கு நல்ல ஜெனரேட்டர் வந்தது. கரண்ட் ஒழுங்கானதால் வந்த கேடு இது.

மாதம் ஒரு முறை நிறுத்தி முடுக்கலாமே என்று கேட்பார்கள். கேட்டார்கள். இயந்திரத்துக்குள் சுழலுகிற வட்டு பழையது. குளிரில் நின்றுவிட்டால் எழுவது சந்தேகம். அந்த மழை நாளுக்குப் பிறகு முடுக்கியபோது நான்காம் முறைதான் எழுந்தது. ஐந்தாம் முறை எழாமல் போனால் இருபத்திரண்டு வீட்டுக்கும் சங்கு கிடையாது. அதனால் நிறுத்தாமல் ஓடவேண்டும். நிறுத்தாமல் ஓட அந்தப் பிழை போகவேண்டும்.

நிரல்மொழியின் புதிய பதிப்பில் அந்தப் பிழை திருத்தப்பட்டிருந்தது. அதைப் படித்ததும் எனக்கு வந்த நிம்மதி அரை மணி நேரம் நீடித்தது. அந்தப் பதிப்பை நிறுவப் போனபோது, இந்த வகை இயந்திரத்துக்கு ஆதரவு இல்லை என்று ஒரு வரி வந்து நின்றது. பிழையைத் திருத்திய அதே பதிப்பில்தான் என் இயந்திரத்தையும் வெட்டியிருந்தார்கள்.

யாரும் பயன்படுத்தவில்லையாம். நான் பதினான்கு பதிப்புகளை இறக்கி நிறுவியவன். ஒவ்வொரு முறையும் அவர்களுடைய கணினியிலிருந்துதான் இறக்கினேன். பதினான்கு முறை கதவைத் தட்டிச் சாமான் வாங்கிப் போன ஆளைப் பார்த்ததே இல்லை என்று சொன்னால் கடைக்காரனை என்ன சொல்வது?

அவர்கள் கேட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அந்த மொழியைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு மடற்குழு உண்டு. அதில் வருகிற கடிதம் எல்லாம் எனக்கும் வரும். ஒரு வருடத்துக்குள் மூன்று முறை அறிவித்தார்கள். இந்த வகை இயந்திரத்தை யாராவது பயன்படுத்தினால் சொல்லுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடப் போகிறோம் என்று. மூன்றையும் நான் படித்தேன். மூன்றையும் அச்செடுத்துக் கோப்பில்கூடப் போட்டேன். பதில் எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்றால், நான் பெரட்டில் வளர்ந்தவன். காலை ஐந்தே முக்காலுக்கு ஆட்கள் கும்பல் கும்பலாக வரிசையில் நிற்பார்கள். கிராணி புத்தகத்தோடு வரிசையின் தலைமாட்டிலிருந்து கடைசி வரை நடந்து எண்ணுவான். நிற்கிறவன் கையைத் தூக்கமாட்டான், வாயைத் திறக்கமாட்டான். நின்றால் போதும், எண்ணிக்கையில் சேர்ந்தான். இடைவெளி இருந்தால்தான் "எங்கே அவன்?" என்று கங்காணியைக் கேட்போம். ஒருத்தன் "நான் இருக்கேன்" என்று கத்தினால் "தெரியுது, நில்லு" என்று திட்டு விழும். முப்பத்தாறு வருடம் நான் அப்படித்தான் எண்ணினேன். எண்ணுகிறவன் நடந்து வந்து எண்ணவேண்டும். அந்த மூன்று அறிவிப்பையும் நான் வரிசையில் நின்றுகொண்டுதான் படித்தேன். இறக்கிய கணக்கு அவர்களிடம் இருக்கிறது, பார்த்து எண்ணிக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன்.

இதை மண்டோரம்மாவிடம் சொன்னேன். அந்தம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"மூணு தடவ கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீங்க வாயத் தொறக்கல."

"எண்ணுறவன்தான் வந்து எண்ணணும்."

"அது அந்தக் காலத்துப் பெரட்டு, ஐயா. இப்ப பெரட்டே கைபோன்ல. வந்தாலும் மெசேஜ் போடணும், வரலன்னாலும் மெசேஜ் போடணும்லா."

"போடாட்டா?"

"ஆப்சென்ட்." அந்தம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "ஊரையே எண்ணுன கிராணி. உங்களுக்கே ஆப்சென்ட் போட்டுட்டான் பாருங்க."

நான் அவர்களுக்கு எழுத உட்கார்ந்தேன். முதல் கடிதம் ஒன்பது பக்கம் வந்தது. திருத்தி எழுதியது ஆறு. மூன்றாவது நான்கு. ஒவ்வொன்றிலும் அவர்கள் செய்தது எத்தனை வகையில் தவறு என்று எண் போட்டிருந்தேன். மண்டோரம்மா அது என்ன என்று கேட்டார். தமிழில் சொல்லிக் காட்டினேன். பதினொன்றாம் தவறு வரை பொறுமையாகக் கேட்டார்.

"இதுல நமக்கு என்ன வேணும்னு எங்க இருக்கு?"

"கடைசிப் பக்கத்துல."

"அது வரைக்கும் எவன் படிப்பான்? மழ நவம்பர் முழுக்க இருக்கு. சங்கு வேணும்னு எழுதுங்க. திட்டுறத அப்புறம் வச்சிக்கலாம், அது எங்க ஓடிப் போகுது."

நான்காவது கடிதம் ஒரு பக்கத்துக்கும் குறைவு. மழைமானி, சங்கு, இருபத்திரண்டு வீடு, நாற்பத்தொன்பது நாள். அவ்வளவுதான் எழுதினேன். ஒரே ஒரு கோப வாக்கியத்தை மட்டும் விடவில்லை. உங்கள் வரிகளை நான் எண்ணினேன், நீங்கள் என்னை எண்ணவில்லை என்று எழுதினேன். அது இல்லாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பதினெட்டு மணி நேரத்தில் பதில் வந்தது. வரிகளை அழித்தவரே எழுதியிருந்தார். அது அவருக்குச் சம்பள வேலையில்லை, வேலை முடிந்து வந்து வீட்டில் செய்கிறாராம். மன்னிப்புக் கேட்டிருந்தார். யார் எதை இறக்குகிறார்கள் என்று அவர்கள் கணக்கு வைப்பதில்லையாம், அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது போலாகிவிடும் என்று. என் மாதிரி இயந்திரம் அவர்களிடம் சோதிப்பதற்கு ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் இரண்டு வருடத்துக்கு முன் செத்துவிட்டது என்றார். பிறகு ஒரு வாக்கியம் எழுதியிருந்தார். சோதிக்க முடியாத ஆதரவை வைத்திருப்பது, இல்லை என்று சொல்வதைவிட மோசம், ஏனென்றால் அது வேலை செய்கிறது என்று ஆட்கள் நம்பிவிடுவார்கள் என்று.

என் இயந்திரத்தை மறுபடி சேர்க்க மாட்டார்கள். ஆனால் பிழைத் திருத்தம் மொத்தம் நான்கே வரி. என் இயந்திரத்தில் ஓடக்கூடிய கடைசிப் பதிப்புக்கு ஏற்றபடி அந்த நான்கு வரியை மாற்றி அனுப்பியிருந்தார். நீங்களே சேர்த்துத் தொகுத்துக்கொள்ளுங்கள், என்னால் சோதித்துப் பார்க்க முடியவில்லை, நீங்கள்தான் சோதிக்கவேண்டும் என்று முடித்திருந்தார்.

பணிவாகத்தான் எழுதியிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முரடனாக எழுதியிருந்தால் அந்த ஒன்பது பக்கத்தை அப்படியே அனுப்பியிருப்பேன். கொதித்த வெந்நீரைக் கையில் வைத்துக்கொண்டு ஊற்ற இடமில்லாமல் நிற்பது போல இரண்டு நாள் இருந்தேன்.

இப்போதிருக்கிற மேனேஜர் நல்ல பிள்ளைதான். எல்லாரையும் அங்கிள் என்றே கூப்பிடுவார்.

"அங்கிள், அந்தப் பெட்டியத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாமே."

"மழைமானிக் கம்பி வர்ற அட்டை இதுலதான் உக்காரும். புதுசுல அதுக்கு இடமில்ல."

"அப்ப மழைமானியும் புதுசு."

"எப்ப?"

"அடுத்த வருசம் லிஸ்ட்ல போடுறேன்."

அடுத்த வருடத்து லிஸ்டை இந்த வருடத்து மழை படிக்காது என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முடுக்கியதிலிருந்து அன்று இருபத்து மூன்றாம் நாள்.

தொகுப்பது என்றால் நிரல்மொழி முழுவதையும் அதன் மூல நிரலிலிருந்து அந்த இயந்திரமே புதிதாகக் கட்டிக்கொள்வது. முன்பு ஒரு முறை செய்தபோது முப்பத்தொரு மணி நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் வேறு எதுவும் ஓட நினைவகம் போதாது. அதாவது முப்பத்தொரு மணி நேரம் யாரும் தட்டை எண்ணமாட்டார்கள், சங்கு தானாக ஊதாது. அதுவும் நவம்பரில். வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்குவது என்று முடிவு செய்தோம். அந்த நேரம் முழுவதும் ஆட்கள் லைனில் படுக்காமல் ஆயாக்கொட்டாயில் படுக்கவேண்டும். மழையை அரை மணிக்கு ஒரு தடவை கண்ணாடிக் குழாயில் கையால் அளப்பது என் வேலை.

மேனேஜர் பெரட்டுக்களத்துப் பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிடலாம் என்றார். நோட்டீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு எரிந்தது. மூன்று நோட்டீஸ் போட்டுவிட்டு ஆளில்லை என்று எழுதியவர்களின் புத்தி எனக்கு வேண்டாம். ஒவ்வொரு கதவாகப் போய்ச் சொல்கிறேன் என்று மண்டோரம்மாவைக் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமை வேலை முடிந்த கையோடு இறங்கினேன்.

முதல் வீட்டிலிருந்து தொடங்கினோம். வீட்டுக்கு எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டே வந்தேன். நம் ஆட்களின் வீடுகளில் கேலிக்குக் குறைவில்லை.

"ரெண்டு நாளு சங்கு இல்லையா? ஐயா, அப்பத்தானே நிம்மதியாத் தூங்கலாம்."

"கொட்டாயில கொசுவ யாரு எண்ணுறது, நீங்களா?"

நேப்பாளிகள் தலையை ஆட்டிக்கொண்டு உடனே போர்வையைச் சுருட்டப் போனார்கள். வெள்ளிக்கிழமைதான், இன்றைக்கு இல்லை என்று தடுக்கவேண்டியிருந்தது. பத்தொன்பதாம் வீடு வரை இப்படியே போயிற்று.

பத்தொன்பதுக்கு அப்புறம் ஒரு பாறை. லைன் அந்தப் பாறையைச் சுற்றித் திரும்புகிறது. திரும்பினால் மூன்று வீடு, பக்கத்தில் ஓடை. இருபதாம் வீட்டில் நான்கு வங்காளதேசத்துப் பையன்கள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவனிடம் மலாயில் சொன்னேன். நாளையிலிருந்து சங்கு ஊதாது, சனிக்கிழமை வரை கொட்டாயில் படுக்கவேண்டும் என்று. அவன் என்னைப் பார்த்தான், மண்டோரம்மாவைப் பார்த்தான்.

"தா டெங்கார், பாக்," என்றான்.

கேட்காது என்கிறான். எது கேட்காது? அவன் கத்தியால் பாறையைக் காட்டினான், பிறகு ஓடையைக் காட்டினான். மழை நேரத்தில் சங்கு கேட்காது. பத்தொன்பதாம் வீட்டு ஆட்கள் ஓடுவது தெரிந்தால் நாங்களும் ஓடுவோம். அவ்வளவுதான் அவன் சொன்னது. குறை சொல்லும் குரலில்கூடச் சொல்லவில்லை.

இருபத்தொன்றாம் வீட்டிலும் அதையே சொன்னார்கள். இருபத்திரண்டில் நம் பெண். கணவன் தொழிற்சாலையில் வேலை. இடுப்பில் எட்டு மாதக் குழந்தை.

"மழ இல்லாதப்ப கேக்கும், தாத்தா. கொசு மாதிரி. மழ வந்தா ஓடைச் சத்தம்தான்."

"பின்ன நீங்க எப்படி வெளிய போவீங்க?"

"இவரு வீட்டுல இருந்தா எட்டிப் பாப்பாரு. இல்லாட்டி நானே அப்பப்ப பாத்துக்குவேன்."

"ஏம்மா, இத ஏன் யாருமே சொல்லல?"

"நீங்க கேக்கலையே, தாத்தா."

அந்த வாசலில் வைத்து அந்தப் பெண்ணிடம் கோபப்பட்டேன். வாய் இருக்கிறதா இல்லையா என்று கேட்டேன். உயிர் போகிற விஷயத்தில் சொல்லாமல் இருப்பார்களா என்று கேட்டேன். குழந்தை என்னைப் பார்த்து அழ ஆரம்பித்தது. மண்டோரம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"வாங்க. அவ மேல ஏன் பாயிறீங்க?"

"உங்களுக்குத் தெரியாதா? நீங்க இந்த லைன்லதானே இருக்கீங்க?"

"என்னுது மொத வீடு. எனக்குக் காது கிழியும்." சற்று நடந்தபின் கேட்டார்: "மாசா மாசம் டெஸ்ட் பண்ணுவீங்களே, மொத்தம் எத்தன தடவ?"

"நூத்து முப்பத்திரண்டு."

"ஒரு தடவயாச்சும் இங்க வந்து நின்னீங்களா?"

நூற்று முப்பத்திரண்டு முறையும் நான் தொழிற்சாலை வாசலில் நின்றேன். மாதத்தின் முதல் நாள், பகல் பன்னிரண்டு மணி, வெயில் இருக்கிற நேரமாகப் பார்த்து. அங்கிருந்து முதல் வீடு தெரியும். முதல் வீட்டில் யாராவது நிமிர்ந்து பார்த்தால் 'சரி' என்று எழுதுவேன். நூற்று முப்பத்திரண்டு 'சரி' என்னிடம் இருக்கிறது. கடைசி மூன்று வீட்டிலிருந்து புகார் வந்ததில்லை. அதனால் கேட்கிறது என்று எடுத்துக்கொண்டேன். பதினொரு வருடம், பதினேழு பெரிய மழை. அந்த மூன்று வீட்டுக்காரர்களும் அடுத்தவன் ஓடுகிறானா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மேலே ஏறி வந்தோம். அந்தப் பராமரிப்பாளர் மேல் எனக்கு இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. குறையவில்லை. இன்றும் குறையவில்லை. ஆனால் இப்போது அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது, அதை ஒருத்தருக்கும் கடிதமாக எழுத முடியாது.

லைனில் மொத்தம் எழுபத்து நான்கு பேர். வெள்ளிக்கிழமை எல்லாரும் கொட்டாய்க்கு வந்தார்கள். தொகுப்பு முப்பத்தொரு மணி நேரத்தில் முடியவில்லை, முப்பத்து மூன்று ஆயிற்று. இருபத்தாறாம் மணியில் ஒரு கோப்பைக் காணவில்லை என்று நின்றுவிட்டது. அதை வேறு இடத்தில் வைத்தது நான்தான். மழை இருந்தது, ஆனால் மோசமான மழையில்லை. சனிக்கிழமை முழுவதும் குழாயைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. கடைசியில் நிரல்மொழி எழுந்தது. இயந்திரத்தின் நேர எண்ணைச் செயற்கையாக நாற்பத்தொன்பதாம் நாளுக்குத் தள்ளி, நிரலைத் தூங்கவைத்துப் பார்த்தேன். எண் நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்பியது, நிரல் பத்தாம் விநாடியில் எழுந்தது. ஒன்பது முறை செய்தேன். ஒன்பது முறையும் எழுந்தது. ஓடுகிறது என்று அவருக்கு ஒரு வரி எழுதினேன். நன்றி என்று எழுதினேனா என்றால், எழுதினேன்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போனேன். பாறைத் திருப்பத்தில் இரண்டாவது சங்கு வேண்டும் என்றேன்.

"அங்கிள், பத்தொன்பது வீட்டுக்குக் கேக்குதுல்ல. மூணு வீடுதானே."

"மூணு வீடு இல்ல. பதினோரு பேரு. அதுல ஒண்ணு எட்டு மாசம்."

"இத்தன வருசம் யாரும் கம்ப்ளைன் பண்ணலையே."

அவருடைய மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். கையெழுத்துப் போட்டால்தான் எழுந்திருப்பேன் என்றேன். அவர் போனில் இரண்டு பேரிடம் பேசினார், காப்பி வரவழைத்தார், எனக்கும் ஒன்று வைத்தார். நான் குடிக்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்துக் கையெழுத்துப் போட்டார்.

ஈப்போவில் பழைய லோரி சாமான் கடையில் ஒரு ஹார்ன் கிடைத்தது. பெரிய லோரியினுடையது, திரிங்காப் பக்கம் காய்கறி ஏற்றி இறங்குகிற லோரிகளில் இருப்பது போல. தொழிற்சாலையிலிருந்து பாறை வரை கம்பி முந்நூற்றுப் பத்து மீட்டர். நான் முந்நூற்று ஐந்து என்று அளந்திருந்தேன். கம்பி இழுக்க வந்த கம்பியாள் வளைவுக்கு ஐந்து சேர்க்கவேண்டும் என்று சொல்லி என்னோடு சண்டை போட்டான். அவன் சொன்னதுதான் சரியாக வந்தது. புதன்கிழமை மாட்டி முடித்தார்கள். வெயில் நன்றாக அடித்தது. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று கம்பியாள் பொத்தானுக்குக் கை நீட்டினான். வேண்டாம் என்றேன். மழை வரட்டும்.

மழை வர ஆறு நாள் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வந்தது. மண்டோரம்மாவை என் ஆபீஸ் அறையில் பொத்தானுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, நான் குடையோடு லைனில் இறங்கி, பாறையைச் சுற்றி, இருபத்திரண்டாம் வீட்டின் ஓரத்தில் போய் நின்றேன். ஓடை நிறையத் தண்ணீர். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது என்று தோன்றியது. போனை எடுத்து அழுத்தச் சொன்னேன்.

"பழச அழுத்தவா, புதுச அழுத்தவா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் ஊதும். அழுத்துங்க."

"அழுத்திட்டேன்."

கேட்டது. பாறையிலிருந்து கிளம்பி என் நெஞ்சுக்குள் வந்து இடித்தது. மூன்று முறை. முதல் ஊதலிலேயே இருபதாம் வீட்டிலிருந்து இரண்டு பேர் சோற்றுக் கையோடு வெளியே பாய்ந்தார்கள். மூன்றாம் ஊதல் முடியுமுன் இருபத்திரண்டாம் வீட்டுக் கதவு திறந்தது. உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"நீங்கதானா தாத்தா? ரெண்டு மணி நேரம் தொட்டில ஆட்டி இப்பத்தான் தூங்க வச்சேன். சாகப் போற லோரி மாதிரி கத்துது. டெஸ்ட்னா முன்னாடியே வந்து சொல்லக்கூடாதா? கதவு இங்கதானே இருக்கு?"

குடைக்குக் கீழே நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வீட்டிலிருந்து பதினொரு வருடத்தில் வந்த முதல் புகார் அது. நேரம் நாலு பதினேழு. எழுதிக்கொண்டேன்.